இரண்டு மீற்றர் அலைவரிசைக்கு ஒரு சந்தனப் பொட்டு

கடலைக் காலடியில் வைத்துக் கல்மலையின் முடியில் வீற்றிருக்கும் கோணேசப் பெருமானே, மறுமொழி வாராத திசையை நோக்கிக் கூப்பிடுகிறவனின் குரலையும் தவறாமல் கேட்பவனே, இச்சிறு கட்டுரைக்குக் காப்பாய் நின்றருள்க.

தை மாதத்து வளர்பிறைப் பஞ்சமியும் வியாழக்கிழமையும் கூடிய நன்னாளில், நோர்வே நாட்டின் மலைப் பள்ளத்தாக்கு ஒன்றில், எங்கள் குசினி மேசையில் தொடங்கியது இந்தச் சங்கதி. இந்நாட்டில் தை மாதத்துச் சூரியன் ஒன்பதேகாலுக்கு எழுந்து மூன்றரைக்குப் படுத்துவிடுகிறான். அந்தப் பகலை எட்டாகப் பங்கிட்டால் இராகுவுக்குக் கிடைப்பது முக்கால் மணி நேரந்தான். ஊரில் ஒன்றரை மணி நேரம் ஆறுதலாக உட்கார்ந்து எழும்புகிறவர், இங்கே குளிருக்குப் பயந்து அரைவாசியிலேயே போய்விடுகிறார். அன்றைக்கு ஒன்று பத்துக்கு வந்தவர் இரண்டு மணிக்குள் புறப்பட்டார். அதன் பின்னரே நான் திருகாணி முடுக்கியைக் கையில் எடுத்தேன்.

திறக்கவேண்டியிருந்தது என்னுடைய கைச்செற். பேசவும் கேட்கவும் உதவும் சிறு வானொலிக் கருவி. இங்குள்ள பொழுதுபோக்கு வானொலிக் கழகத்தில் சேர்ந்து, பரீட்சை எழுதி, உத்தரவுப் பத்திரம் பெற்று வாங்கியது. அதில் சிற்றலை மட்டுமே இருந்தது. சிற்றலை வானத்தில் மோதித் திரும்பிப் பல்லாயிரம் மைல் போகும். ஆனால் அடுத்த மலைச்சரிவில் நிற்பவரோடு பேச அது உதவாது. அதற்கு வி.எச்.எஃப். என்னும் இரண்டு மீற்றர் அலைவரிசை வேண்டும். கண்ணுக்கு எட்டும் தூரமே அதற்கும் எட்டும். தீப்பெட்டியிலும் சற்றே பெரிய, மொடியூல் என்னும் மின்னணுப் பலகை ஒன்றைச் செற்றின் வயிற்றில் பொருத்தினால் அதுவும் பேசும். சனிக்கிழமை எங்கள் பள்ளத்தாக்கின் பனிச்சறுக்குப் போட்டி. தொலைபேசி எட்டாத ஏரித் திருப்பத்தில், விழுந்தவர் எழுந்தவரைப் பற்றிச் செய்தி சொல்லும் காவலிடத்தைக் கழகத்தார் எனக்கு ஒதுக்கியிருந்தார்கள். சனிக்கிழமைக்குள் மொடியூல் வேலை செய்யாவிட்டால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும். அறுபத்தாறு வயதில் அதற்காக நான் பட்ட ஆவலைச் சொன்னால் சிரிப்பீர்கள். காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

திருகோணமலைத் துறைமுகத்தில், கப்பல்களோடு வானொலியில் பேசும் அறையில் வேலை பார்த்தவன் நான். வேலை முடிந்து லிங்கநகர் வீட்டுக்கு வந்தால், அதே இரண்டு மீற்றரில் குடாவின் அக்கரைக் கிண்ணியாவைக் கூப்பிடுவேன். அங்கே சலீம் நானா இருப்பார். நடுவில் தண்ணீர், மறைப்பு ஒன்றுமில்லை, அவர் தேநீர் உறிஞ்சுவதுகூட என் காதில் விழும். பிறகு நாட்டில் சண்டை வந்தது. தனியார் வைத்திருக்கும் செற்றுகளையெல்லாம் ஒப்படைக்கச் சொன்னார்கள். நானாவும் நானும் பேசிய கடைசிப் பேச்சு இது.

"தம்பி, குடுத்திட்டு வாங்க. சட்டி மூடியில கம்பி நீட்டிக்கிட்டு இருந்தாலும் அன்ரனாவா எண்டு கேக்கிற காலம்."

"உங்கட குரல் இல்லாம எனக்குத் தேத்தண்ணி இறங்காது நானா."

"அப்ப கோப்பிக்கு மாறுங்க!"

செற்றைத் துவாயில் சுற்றிச் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு பற்றுச்சீட்டுத் துண்டு தந்தார்கள். அது இன்றும் என் பதிகப் புத்தகத்தில் இருக்கிறது. கூரையிலிருந்த கம்பியை என் மனைவி பாக்கியம் இறக்கித் துணிக்கொடியாகக் கட்டினார். ஒருமுறை சோதனைக்கு வந்தவர்கள் அந்தக் கம்பியையே உற்றுப் பார்த்தபோது, பாக்கியம் ஈரச் சேலையை உதறி அதன் மேல் போட்டார். தண்ணீர் தெறித்ததும் அவர்கள் போய்விட்டார்கள். நான் அன்று கதவுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றேன். அவருக்கோ சேலை காயாததுதான் கவலை.

வியாழக்கிழமைக்குத் திரும்புகிறேன். மூடியைக் கழற்றி மொடியூலைக் கையில் எடுத்தபோது பாக்கியம் சந்தனக் கிண்ணத்தோடு வந்தார்.

"இஞ்சாருங்கோ, புதுச் சாமான். பொட்டு வைக்காமலோ பூட்டப்போறியள்?"

"இதுக்குள்ள ஈரம் படக்கூடாதப்பா."

"ஒரு பொட்டுத்தானே. துறைமுகத்தில சரஸ்வதி பூசைக்கு அவ்வளவு பெரிய செற்றுக்கே வைச்சனீங்கள்."

வைத்தது உண்மை, ஆனால் இரும்புப் பெட்டியின் வெளிப்புறத்தில். என் தொழிலறிவு எழுந்து நின்று மறுத்தது. என் பக்தி அதைப் பிடித்துக் கதிரையில் இருத்தியது. பலகையில் வெறுமையாய்த் தெரிந்த ஒரே இடத்தில், ஊசிக்கால்களின் வரிசைக்கு அருகே, நானே விரலால் பொட்டிட்டேன். பொருத்தி அழுத்தியபோது அது பிதுங்கி எங்கே போனதென்று நான் பார்க்கவில்லை. ஒரு பதிகம் பாடிச் செற்றை முடுக்கினேன். திரையில் மூன்று கோடுகள் மட்டும் தெரிந்தன. இரைச்சல்கூட இல்லை. இரண்டாவது பதிகத்துக்கும் அது இரங்கவில்லை.

மறுநாள் காலை கழகத்து ஆர்னே வந்தார். ஓய்வுபெற்ற தச்சர், பேச்சைச் செலவழிக்காத மனிதர். பூதக்கண்ணாடியால் நெடுநேரம் பார்த்தார்.

"மஞ்சள் துரு," என்றார். "கடற்காற்றா?"

உண்மையைச் சொல்ல எனக்கு நோர்வே மொழியும் போதவில்லை, துணிவும் போதவில்லை. "எங்கள் ஊரிலிருந்து வந்தது," என்றேன்.

அவர் குனிந்து முகர்ந்தார். புருவம் உயர்ந்தது. "உங்கள் ஊரில் துரு இவ்வளவு வாசமாக இருக்குமா?"

பாக்கியம் அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டார். பிறகு கிண்ணத்தைக் கொண்டுவந்து காட்டி, தன் நெற்றியையும் என் நெற்றியையும் காட்டி, நான் திணறிக்கொண்டிருந்த விளக்கத்தை இரண்டு விரலால் முடித்தார். ஆர்னே சிரிக்கவில்லை. ஸ்பிரிற்றில் தோய்த்த பழைய பல்தூரிகையால் ஒவ்வோர் ஊசிக்காலையும் துலக்கினார். நான் மனத்துள் மன்னிப்புக் கேட்டபடி நின்றேன். காய்ந்ததும் மொடியூலைப் பொருத்தி முடுக்கினார். செற்றிலிருந்து மழைபோல் இரைச்சல் வந்தது. வானொலிக்காரனுக்கு அதைவிட மங்கல ஓசை வேறில்லை. மூடியைப் பூட்டியபின், அதன் மூலையிலிருந்த திருகாணித் தலையை ஆர்னே தொட்டுக் காட்டினார்.

"இங்கே மின்சாரம் வராது. பொட்டை இங்கே வையுங்கள்."

சனிக்கிழமை, கம்பளித் தொப்பிக்குள் திருநீறும் திருகாணியில் சந்தனமுமாக நானும் செற்றும் ஏரித் திருப்பத்தில் நின்றோம். முதலில் கூப்பிட்டபோது பதில் வரவில்லை. இரண்டடி நகர்ந்து பைன் மரத்துக்கு வெளியே வந்து மீண்டும் கூப்பிட்டேன். "தெளிவாகக் கேட்கிறது" என்றது ஆர்னேயின் குரல். பிற்பகலில் நாற்பத்தொன்றாம் இலக்கப் பெண் திருப்பத்தில் சறுக்கி விழுந்து காலைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். இலக்கத்தையும் இடத்தையும் சொன்னேன். பத்து நிமிடத்துக்குள் பனிவண்டி வந்து ஏற்றிச் சென்றது. போகும்போது அவள் கையசைத்தாள்.

போட்டி முடிந்து எல்லோரும் கொட்டகையில் கூடினார்கள். நான் செற்றை நிறுத்தினேன், துவாயில் சுற்றினேன், கழகத்துப் பொருள்களைத் திருப்பிக் கொடுப்போரின் வரிசையில் நின்று, ஆர்னேயின் மேசைமேல் வைத்தேன். என் கை தானாகவே பற்றுச்சீட்டுத் துண்டுக்காக நீண்டது.

அவர் துவாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பழுதா?"

"இல்லை. ஒப்படைக்கிறேன்."

"ஏன்? இது உங்களுடையதல்லவா?"

நான் துவாயின் ஓரத்தை இழுத்து நேராக்கினேன். அவருக்கு விளங்கியிருக்காது; விளங்காமலே செற்றை என் பக்கம் தள்ளிவிட்டு, "வீட்டுக்குக் கொண்டுபோங்கள். இரவு மின்கலத்தை ஏற்றி வையுங்கள். செவ்வாய்க்கிழமை கழகத்தார் அலைவரிசையில் பேசுவார்கள். நீங்களும் வரவேண்டும்," என்றார். துவாயை மடித்துக் குளிர்ச்சட்டைப் பைக்குள் வைத்தேன். செற்றைச் சுற்றாமல், எல்லோரும் காணும்படி தோளில் மாட்டிக்கொண்டு, பேருந்து நிறுத்தம் வரை நடந்தேன்.

இப்போது அந்தச் செற் எங்கள் யன்னலோரத்தில் இருக்கிறது. பின்புறம் இரண்டு துளைகள். ஒன்றிலிருந்து நெடுங்கம்பி புறப்பட்டுத் தென்கிழக்கே பேர்ச் மரத்துக்குப் போகிறது. அதில் காலைதோறும் ஊரைக் கூப்பிடுகிறேன். ஊர் இன்னும் வாய் திறக்கவில்லை. மற்றத் துளையில் ஒரு சாண் குச்சி. அதில் நான் இருமினால்கூட, சுகமா என்று பள்ளத்தாக்கு கேட்கிறது. நெடுங்கம்பியில் பாக்கியம் துணி காயப்போட இதுவரை நான் விடவில்லை.

இதை வாசிக்கும் நீங்கள் குடாவின் எக்கரையில் இருந்தாலும், எந்நாட்டுப் பனியில் நின்றாலும், உங்கள் கூப்பிடு குரலுக்கு ஒரு மறுமொழி வரட்டும். கொடுத்த பொருள்கள் உரியவர் கைக்குத் திரும்பட்டும். கோணைநாதன் திருவருளால் எல்லோர் வீட்டிலும் நல்ல இரைச்சல் கேட்கட்டும்.