திரும்பி வருவாள் என்பதற்கு ஆதாரம்

ஒன்றரை மாதம் முன்பு, கோட்டக்குப்பத்தில் ஒரு டிராவல்ஸ் ஆபீஸில் உட்கார்ந்துகொண்டு, என் மனைவி வெளிநாடு போனால் திரும்பி வருவாள் என்று நிரூபித்துக்கொண்டிருந்தேன்.

கல்யாணமாகி முப்பத்தெட்டு வருடம் ஆகிறது. இப்படி ஒரு வேலை எனக்கு வந்ததே இல்லை.

விஷயம் இதுதான். எங்கள் ஒரே மகள் கலை இங்கிலாந்தில் நர்ஸ். கார்த்திகையில் பிரசவம். முதல் பிரசவம். மாப்பிள்ளைக்கு நைட் ஷிப்ட், பகல் ஷிப்ட் என்று மாறி மாறி வேலை. அக்கம்பக்கத்தில் சொந்தம் என்று சொல்ல ஒருவரும் இல்லை.

"அம்மா வந்தே ஆகணும்பா" என்றாள் போனில். கூடவே ஒரு குண்டும் போட்டாள். அவளோடு வேலை பார்க்கும் பெண்ணும் இதே போல அம்மாவைக் கூப்பிட்டிருக்கிறாள். விசா ரிஜெக்ட். காரணம் – அந்த அம்மா திரும்பிப் போவார் என்று அதிகாரிக்கு நம்பிக்கை வரவில்லையாம். அந்தப் பெண் ஆஸ்பத்திரியிலிருந்து குழந்தையோடு தனியாக வீட்டுக்குப் போனாளாம்.

அன்று ராத்திரியே ஃபைல் வாங்கிவிட்டேன். கணக்கு வாத்தியாராக இருந்தவன் நான். பயம் வந்தால் முதலில் எண்ண ஆரம்பித்துவிடுவேன்.

டிராவல்ஸ் நடத்தும் சலீம் பாய் பொறுமைசாலி. அந்த ஊரில் பாதி வீட்டு ஆண்கள் வளைகுடாவில் இருக்கிறார்கள். எத்தனையோ அம்மாக்களையும் பெண்டாட்டிகளையும் அவர் ஃப்ளைட் ஏற்றியிருப்பார். நான் நீட்டியதையெல்லாம் வாங்கிப் பார்த்தார். மகளின் அழைப்புக் கடிதம், சம்பளச் சீட்டு, வீட்டு வாடகை ஒப்பந்தம், டாக்டர் சர்டிபிகேட்... மொத்தம் பதினொன்று.

"சார், இதெல்லாம் அம்மா எதுக்குப் போறாங்கன்னு சொல்லுது. அது விசா ஆபீசருக்கே தெரியும். எதுக்குத் திரும்பி வருவாங்கன்னு எங்க இருக்குது?"

"வீடு இருக்குதே பாய்."

"யார் பேர்ல?"

என் பேரில்.

பென்ஷன்? என் பேரில். பேங்க் டெபாசிட்? என் பேரில். உப்பளக் குத்தகை? அதுவும் என் பேரில். கேஸ் கனெக்‌ஷன்கூட என் பேரில்தான் இருக்கிறது. அடுப்பில் எந்தப் பக்கம் திருப்பினால் தீ சின்னதாகும் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அவள் பேரில் என்ன இருக்கிறது என்று யோசித்து யோசித்து, "ரேஷன் கார்டு" என்றேன்.

"ரேஷன் கார்டுக்காக யாரும் லண்டன்லேர்ந்து திரும்பி வரமாட்டாங்க சார்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த வசந்தா – என் மனைவி – வாயை முந்தானையால் மூடிக்கொண்டாள். சிரிக்கிறாள் என்று தோள் குலுங்கியதில் தெரிந்தது.

"அவ அக்கவுன்ட்ல இப்ப கொஞ்சம் பணம் போட்டா?"

"திடீர்னு போட்டா, எங்கேர்ந்து வந்துச்சுன்னு அதுக்கு ஒரு சந்தேகம் வரும். வேணாம் சார்."

எனக்கு ஆர்வம் வந்துவிட்டது. நீங்களே யோசித்துப் பாருங்கள். ஒரு மனிதர் ஏன் வீடு திரும்புகிறார்? நாம் தினமும் திரும்புகிறோம். காரணம் கேட்டால் சொல்லத் தெரியுமா? காகிதத்தின்படி, திரும்பி வர எனக்கு ஏகப்பட்ட காரணங்கள். வசந்தாவுக்கு ஒன்றுகூட இல்லை. ஆனால் எங்கள் வீட்டை அறிந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். நான் ஆறு மாதம் காணாமல் போனால் பேப்பர் போடுகிறவர்தான் முதலில் கவனிப்பார். வசந்தா ஆறு நாள் இல்லையென்றால் உப்பளத்தில் வேலை நின்றுவிடும்.

நிஜமாகத்தான் சொல்கிறேன். குத்தகைப் பத்திரத்தில் கையெழுத்து மட்டும்தான் என்னுடையது. காலையில் ஆட்களை இறக்குவது, மோட்டார் போடுவது, வியாபாரியிடம் மூட்டைக்கு விலை பேசுவது எல்லாம் அவள். வெயில் எனக்கு ஒத்துக்கொள்ளாது.

"அப்ப நாங்க ரெண்டு பேருமா போயிட்டா?" என்று கேட்டேன். பேரப்பிள்ளையைப் பார்க்க எனக்கும் ஆசை இருக்காதா?

சலீம் பாய் பேனாவை மூடி வைத்தார். "வீட்டைப் பூட்டிட்டு ரெண்டு பேரும் போனா, திரும்பி வர்றதுக்கு இங்க யார் இருக்காங்க? ஒருத்தர் இங்க இருக்கணும் சார். அதுதான் ஸ்ட்ராங்கு."

ஆக, நான்தான் ஆதாரம். என் ஆதார் நகல், என் பென்ஷன் புத்தகம், எங்கள் கல்யாணச் சான்றிதழ் எல்லாம் அவளுடைய விண்ணப்பத்தில் போயின. என் பேருக்குப் பக்கத்தில் 'கணவர், இந்தியாவில் வசிக்கிறார்'. கூடவே நான் ஒரு கடிதமும் எழுத வேண்டும். பேரப்பிள்ளையைப் பார்க்க வருகிறாள் என்று எழுதலாமாம். குளிப்பாட்ட, தூங்கவைக்க வருகிறாள் என்று எழுதக் கூடாதாம். அது வேலைக் கணக்கில் சேர்ந்துவிடுமாம்; பார்க்க வருகிறவர் அங்கே வேலை செய்யக் கூடாதாம்.

கடிதத்தை நான்கு தரம் எழுதினேன். முதல் மூன்று தரமும் 'என் மனைவி கட்டாயம் திரும்பி வருவாள்' என்றே வந்தது. இதை யார்தான் எழுதமாட்டார்கள்? நான்காவது தரம் உப்பைப் பற்றி எழுதினேன். எங்கள் ஊர் மரக்காணத்தில் ஐப்பசி மழை விழுந்தால் உப்பளம் முழுகிவிடும், வேலை கிடையாது. மழை ஓய்ந்து தை பிறந்ததும் பாத்தியில் சேற்றை மிதித்து மிதித்துத் தரையை இறுக்க வேண்டும். தரை இறுகாவிட்டால் உப்பில் மண் ஏறும். அந்த வருடமே போச்சு. அதை மேற்பார்வையிடுபவர் என் மனைவி. ஆகவே தைக்குள் வந்துவிடுவார்.

சலீம் பாய் படித்துவிட்டு, "இது விசா லெட்டரா, பாடப் புஸ்தகமா சார்?" என்றார். ஆனால் அடித்துத் திருத்தவில்லை.

வசந்தாவுக்கும் படித்துக் காட்டினேன். "ம்" என்றாள். அவ்வளவுதான்.

சென்னை விசா சென்டருக்கு இருவருமே போனோம். கைரேகை மெஷின் அவளுடைய விரலைச் சீக்கிரத்தில் ஏற்கவில்லை. உப்புத் தண்ணீரில் ஊறிய விரல். அங்கிருந்த பெண் ஈரத் துணியால் துடைத்துத் துடைத்து, "அழுத்தி வைங்கம்மா... இன்னும் கொஞ்சம்" என்று மூன்றாவது தரம் எடுத்துவிட்டாள்.

அதன்பிறகு தூக்கமில்லை. எனக்குத்தான். முகம் தெரியாத அந்த அதிகாரியைப் பற்றியே நினைத்துக்கொண்டிருப்பேன். ஆணா, பெண்ணா? டப்பாவில் வரும் உப்பைத் தவிர வேறு உப்பைப் பார்த்திருப்பாரா? தை மாதம் என்றால் அவருக்கு என்ன விளங்கும்? அவர் வீட்டில் யார் யாருக்காகத் திரும்பி வருகிறார்கள்?

கலை தினமும் கேட்டாள். "வந்துதாப்பா?" வயிறு கீழே இறங்கிவிட்டதாம். குரலில் பயம் தெரிந்தது.

போன செவ்வாய்க்கிழமை பாஸ்போர்ட் வந்தது. பிரிக்க எனக்குக் கை வரவில்லை. வசந்தாதான் பிரித்தாள். விசா இருந்தது. ஆறு மாதம்.

கலை போனிலேயே அழுதாள். அழுது முடித்ததும், "அம்மா, ஆறு மாசம் குடுத்திருக்காங்க. முழுசா இருந்துட்டுப் போம்மா" என்றாள்.

"பாக்கலாம்டி" என்றாள் வசந்தா.

பார்க்கலாமா? நான் பேப்பரை மடித்து வைத்தேன்.

மறுநாள் காலையில் என்னை உப்பளத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். மோட்டார் ஷெட்டைத் திறந்து, ஸ்விட்ச் எது, ஃபியூஸ் எது என்று காட்டினாள். மேஸ்திரியைக் கூப்பிட்டு என்னை ஒப்படைத்தாள்.

"சாருக்குப் பாத்தி மிதிக்கிறதெல்லாம் தெரியாதுப்பா. நீ செய்யி. அவர் சும்மா நின்னு தலையாட்டட்டும்."

"தலையாட்டறது சாருக்கு வரும்மா" என்றான் அவன்.

திரும்பி நடக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. பாத்தி மிதிப்பது தையில். அதை ஏன் எனக்கு இப்போது சொல்லிக்கொடுக்கிறாள்?

"ஏன் வசந்தா... தைக்குள்ள வந்துடுவ இல்ல?"

அவள் வரப்பில் பார்த்துப் பார்த்துக் கால் வைத்தபடியே சொன்னாள். "லெட்டர்ல அப்படித்தானே எழுதியிருக்கீங்க."

அந்தக் கடிதத்தை ஓர் அரசாங்கமே நம்பிவிட்டது. எழுதியவன் நம்பாமல் இருந்தால் நன்றாகவா இருக்கும்?