சோஹாருக்குப் போக வேண்டிய பால் டப்பா

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஓமானில் மழை கொட்டித் தீர்த்த ஒரு நாளில் நடந்தது இது. மஸ்கட்டின் ரூவியில் எங்களுக்குக் குழந்தைகளுக்கான சாமான்கள் விற்கும் சிறிய கடை இருக்கிறது. இணையத்திலும் விற்கிறோம். மாமியாரின் கண் ஆபரேஷனுக்காக என் கணவர் கீழக்கரைக்குப் போயிருந்ததால், அன்று கடை முழுக்க என் பொறுப்பு.

அதற்குச் சில மாதங்கள் முன்பு வரை, ஆர்டர் வந்தால் எல்லாவற்றையும் அவர்தான் கையால் செய்வார். போனைப் பார்த்து, டிரைவருக்கு விலாசம் அனுப்பி, வாங்கியவருக்கும் தகவல் சொல்ல வேண்டும். சோற்றில் கை வைத்தால் போன் அடிக்கும். கல்யாணத்துக்கு முன் நான் படித்தது கம்ப்யூட்டர். பிள்ளைகள் ஸ்கூலுக்குப் போன நேரங்களில் வீடியோ பார்த்து வெப்ஹுக் பற்றிக் கற்றுக்கொண்டேன். பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. ஆர்டர் விழுந்ததும், யாரும் கேட்காமலே நம் இணையக் கடை அடுத்த இடத்துக்குத் தானாகத் தகவல் சொல்லும். அதை வைத்து டிரைவருக்கும் வாங்கியவருக்கும் வாட்ஸ்அப்பில் செய்தி போகும்படி செய்தேன். பால் பவுடர் தீரும் சமயத்தில் 'அடுத்த டப்பா வேண்டுமா?' என்று கேட்கவும் ஓர் ஏற்பாடு வைத்தேன்.

அன்று காலையில் ஸ்கூலுக்கு லீவு விட்டுவிட்டார்கள். வாதிகளைக் கடக்க வேண்டாம் என்று போலீஸ் எச்சரிக்கை போனில் வந்தது. வாதி என்றால் இங்குள்ள காட்டாறு. வருடம் முழுக்கக் காய்ந்து கிடக்கும். மலையில் மழை பெய்தால் காரையே உருட்டிக்கொண்டு போய்விடும். அதைப் படித்ததும் ஆர்டர்களைத் திறந்து பார்த்தேன். இருநூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் சோஹாருக்கு ஆர்டர் ஒன்று விழுந்து, டிரைவருக்குச் செய்தி போய், அவரும் டப்பாவோடு கிளம்பியிருந்தார். நான் செய்துவைத்த ஏற்பாட்டுக்கு மழை தெரியாதே!

உடனே போன் போட்டேன்.

"தம்பி, எங்க இருக்கீங்க?"

"பர்கா தாண்டிட்டேங்க்கா. கண்ணாடில ஒண்ணும் தெரியல, மெதுவாத்தான் போறேன்."

"போகாதீங்க. முன்னாடி வாதில வெள்ளம். ஏதாச்சும் பெட்ரோல் பங்க்ல ஒதுங்கிருங்க."

"பச்சப்புள்ளைக்குப் பால் டப்பாக்கா..."

"அத நான் பாத்துக்கிறேன். நீங்க வண்டிய நிப்பாட்டுங்க."

பாதி மனதோடு நிறுத்தினார். மற்ற செய்திகள் போகாமல் இருக்க எல்லாவற்றையும் அணைத்தேன். அதற்குள் சோஹாரிலிருந்து அந்தக் குழந்தையின் அம்மாவே கூப்பிட்டுவிட்டார். தமிழ்ப் பெண். அவருடைய கணவர் துறைமுகத்தில் டூட்டிக்குப் போய் அங்கேயே மாட்டிக்கொண்டார்.

"அக்கா, டப்பா அடி தட்டிடுச்சு. பாப்பாவுக்கு வேற எந்தப் பாலும் ஒத்துக்காது, வாந்தி எடுத்துருவா. இங்க கடைல எங்கயும் இல்ல. டிரைவர் வந்துருவார்ல?"

பின்னால் குழந்தை அழுவது கேட்டது. "வந்துடுவார்" என்று பொய் சொல்ல வாய் வரவில்லை. "கொஞ்சம் பொறுங்க, வேற வழி பாக்குறேன்" என்று சொல்லி வைத்தேன். என்ன வழி என்று எனக்கே தெரியாது.

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தபோதுதான் அந்த நினைவூட்டல் செய்தி கண்ணில் பட்டது. சோஹாரில் அதே பாலை வாங்குகிறவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்களே! அடுத்த டப்பா வேண்டுமா என்று அவர்களிடம் கேட்கிற ஏற்பாடு, உங்களிடம் ஒரு டப்பா இருக்கிறதா என்று ஏன் கேட்கக் கூடாது? வாசகத்தை மாற்றினேன். ஆங்கிலத்திலும் அரபியிலும் எழுதி, சோஹார்க்காரர்களுக்கு மட்டும் போகும்படி அமைத்தேன். குழந்தையின் பெயரோ விலாசமோ வெளியே போய்விடக் கூடாது என்று இரண்டு தடவை சரிபார்த்துவிட்டு, அல்லாஹ்வின் பெயரால் என்று பிஸ்மி சொல்லி அனுப்பினேன்.

முதல் பதில், "எங்களிடம் இல்லை, அல்லாஹ்விடம் துஆ செய்கிறோம்." அடுத்ததும் இல்லை. அப்புறம் ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. லாகூர்க்காரப் பெண்.

"ஃபிக்கர் மத் கரோ பெஹன், மேரே பாஸ் ஹை."

கவலைப்படாதே சகோதரி, என்னிடம் இருக்கிறது என்றார். பிரிக்காத டப்பாவாம். இரண்டு பேரிடமும் கேட்டுக்கொண்டு நம்பர்களைக் கொடுத்தேன். வீடுகள் ஒரே பகுதியில்தான். லாகூர்ப் பெண்ணின் கணவர் தெருத் தண்ணீரில் தன் பெரிய வண்டியை ஓட்டிக்கொண்டு போய், கதவைத் தட்டிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்.

மதியம் ஒரு போட்டோ வந்தது. வயிறு நிறைந்து, வாயோரம் பால் வழியத் தூங்கும் குழந்தை. கடையில் யாரும் இல்லாததால் நான் தாராளமாக அழுதேன்.

பெட்ரோல் பங்க்கில் இருந்த டிரைவர் பிறகு கூப்பிட்டார். "அக்கா, முன்னாடி போன ஒரு பிக்கப்ப தண்ணி இழுத்துருச்சு. ஆள மேல ஏத்திட்டாங்க. நான் போயிருந்தா..." என்று நிறுத்திக்கொண்டார்.

கணவரிடம் போனில் சொன்னபோது, அந்தப் பக்கம் பலர் பேசும் சத்தம்தான் கேட்டது. "மச்சான், கேக்குதா?" என்றேன். "கேக்குது புள்ள. இங்க ஆஸ்பத்திரி வராண்டால எல்லாருக்கும் சொல்லிக்கிட்டு இருக்கேன்" என்றார்.

பிறகு அந்த ஏற்பாட்டை மாற்றி எழுதினேன். இப்போது மழை எச்சரிக்கை இருந்தால், நான் பார்த்துச் சம்மதிக்காமல் எந்த வண்டியும் கிளம்பாது.

சில மாதங்கள் கழித்து அந்த சோஹார்ப் பெண் குழந்தையோடு கடைக்கு வந்தார். "மெசேஜ் போற மாதிரி இதெல்லாம் யாரு செஞ்சு குடுத்தாங்கக்கா?" என்று கேட்டார். யார் கேட்டாலும் அதுவரை "நாங்க செஞ்சோம்" என்றுதான் சொல்லியிருக்கிறேன். அன்று "நான்தான்" என்றேன்.

கடைக்கு இப்போதும் தினமும் ஆர்டர்கள் வருகின்றன. ஆனால் நான் கற்றுக்கொண்ட ஒரு விஷயம் ஒரு குழந்தையின் பசியைத் தீர்க்கவும் உதவியது என்பதை நினைக்கும்போதெல்லாம், இந்தக் கையால் இன்னும் எவ்வளவோ செய்யலாம் என்ற தைரியம் வருகிறது.