வலது வளைவில் இருமிய வண்டி

மண்ணூரில் என்னோடு ஒரே அறையில் இருந்தவனுடைய குறட்டைமேல்கூட எனக்குப் பொறாமை இருந்தது. எப்படி இவ்வளவு நிம்மதியாகத் தூங்குகிறான் என்று பார்த்துக்கொண்டே படுத்திருப்பேன். நல்ல பையன், அதுதான் பிரச்சினையே. கெட்டவனாக இருந்திருந்தால் திட்டிவிட்டுப் போயிருக்கலாம்.

இருவருக்கும் ஒரே கார் ஆலை, ஒரே ஷிப்ட். அவன் திருநெல்வேலிப் பக்கம், நான் வல்லக்கோட்டைப் பக்கம். பழைய சின்னக் கார் ஒன்றைச் சேர்ந்து வாங்கி, சீட்டு, கம்பளம் எல்லாம் கழற்றி, இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் ஓட்டுவதற்குத் தயார் செய்திருந்தோம். அங்கே பட்டறை வைத்திருந்த அண்ணன் ஒருவர்தான் எங்களுக்கு எல்லாம். வண்டி ஒன்று, போட்டியில் ஓட்டப்போகிறவனும் ஒருவன்தான். பயிற்சி நாளில் யாருடைய சுற்று வேகமோ அவனுக்கே போட்டி என்று அண்ணன் சொல்லிவிட்டார்.

முதலில் அவன் ஓட்டினான். பிறகு நான். நீளமான வலது வளைவு ஒன்று உண்டு. அங்கே ஆக்சிலரேட்டர்மேல் காலை அழுத்தியபடியே போனேன். பாதி வளைவில் எஞ்சின் இரண்டு முறை இருமியது, மூச்சடைத்தது, வளைவை விட்டு வெளியே வந்ததும் மறுபடி பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு சுற்றிலும் இதே கதை. நேர்ச் சாலையில் ஒரு குறையும் இல்லை.

அண்ணன் அந்த வளைவின் ஓரத்தில்தான் நின்றிருந்தார். அவருக்குக் கேட்டது சத்தம் இறங்கியது மட்டும்.

"இன்னா நைனா, வளவுல பயந்துகினு கால எடுத்துட்டியா?"

"நான் எடுக்கலண்ணே. வண்டி இருமுச்சி."

"அவனும் இதே வண்டியத்தான ஓட்னான்? அவனுக்கு இருமல. கோளாறு வண்டில இல்ல, உன் ஷூவுல கீது."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அறைத்தோழன் சிரிக்கவில்லை, ஒன்றும் சொல்லவும் இல்லை. அந்த மௌனத்தை நான் மன்னிக்கவேயில்லை. போட்டி அவனுக்கு என்று முடிவானது.

ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஷிப்ட் பஸ்ஸில் அவனிடம் எல்லோரும் கை குலுக்கும்போது என் காதில் புகை வந்தது. அப்புறம் ஆலையில் அசெம்பிளி லைனில் நிற்கும்போது ஒரு நாள் சட்டென்று பிடிபட்டது. எங்கள் ஆலையில் லைனை விட்டு இறங்கும் புது வண்டிக்கு, வண்டிகளை நிறுத்தும் யார்டு வரை ஓடுமளவுக்குத்தான் பெட்ரோல் விடுவார்கள். அந்தப் பழக்கத்தில், எடை குறையும் என்று நாங்களும் எங்கள் வண்டிக்குக் கொஞ்சமாகவே ஊற்றியிருந்தோம். அவன் ஓட்டியபோது அது போதுமானதாக இருந்தது. அவன் குடித்து வைத்த மிச்சத்தில் நான் ஓட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை பகலில் பட்டறையில் யாரும் இல்லாத நேரம் டேங்கை இறக்கினேன். பெட்ரோலை வடித்து, காற்றாட வைத்து, ஐந்து லிட்டர் தண்ணீர் ஊற்றி இடப்பக்கமாகச் சாய்த்துப் பார்த்தேன். தண்ணீர் முழுக்க அந்தப் பக்கமே ஓடிவிட்டது. எஞ்சினுக்குப் பெட்ரோலை உறிஞ்சித் தரும் பம்ப் நிற்கும் இடம் வறண்டு கிடந்தது. வலது வளைவில் பெட்ரோலும் இப்படித்தான் ஒதுங்கியிருக்கும், பம்ப் காற்றை உறிஞ்சியிருக்கும். நான் காலை எடுக்கவில்லை! யாருமில்லாத பட்டறையில் சத்தமாகவே சொன்னேன்.

அலுமினியத் தகட்டில், பம்பைச் சுற்றி நிற்கிற மாதிரி ஒரு பெட்டி செய்தேன். நாலு பக்கமும் உள்நோக்கி மட்டும் திறக்கும் சிறு கதவுகள். பெட்ரோல் உள்ளே வரும், வெளியே போகாது. வைத்துச் சாய்த்தேன். பெட்டிக்குள் தண்ணீர் அப்படியே நின்றது.

அதை மாட்டாமல் அறைக்கு எடுத்துவந்து என் கட்டிலுக்கடியில் ஒளித்து வைத்தேன். இரண்டு நாள் அங்கேயே இருந்தது. காரணம் எளிது. போட்டியில் அவன் வண்டியும் அந்த வளைவில் இருமட்டும், அவனையும் பயந்தாங்கொள்ளி என்று சொல்லட்டும், அப்போது நான் பெட்டியோடு எழுந்து நிற்கிறேன் என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் பஸ்ஸில் அவன் எல்லோரிடமும், "வண்டிய ரெடி பண்ணது பூரா இவன்தாம்ல" என்றான். பெருமையாகத்தான் சொன்னான். வண்டி இருமினால் பழி என் தலையில் விழும். அன்றே போய் டேங்கைக் காயவைத்துப் பெட்டியை மாட்டினேன். நல்ல மனசினால் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

போட்டியில் அந்த வளைவை அவன் ஒரே சத்தத்தில் கடந்தான். மூன்றாவதாக வந்தான். "பாத்தியா, கால எடுக்கவேயில்ல" என்றார் அண்ணன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் பயப்படவில்லை என்பதற்கு இருந்த ஒரே சாட்சி அந்த இருமல். அதை என் கையாலேயே ஒழித்திருந்தேன். இப்போது பெட்டியைப் பற்றிச் சொன்னால், இல்லாத நோவுக்கு மருந்தா என்று கேட்பார்.

சாயங்காலம் தடம் காலியானதும், எங்களுக்கு நாலு சுற்று ஓட்டிக்கொள்ள அனுமதி கிடைத்தது. அவன் சாவியை என் கையில் வைத்தான்.

அந்த வளைவு வந்தது. எஞ்சின் இருமவில்லை. இழுத்தது, முன்பு ஒருபோதும் இழுக்காத மாதிரி இழுத்தது. தடத்தின் விளிம்பு என்னை நோக்கி வந்தது. என் கால் தானாக மேலே வந்தது.

நாலு சுற்றிலும் வந்தது.

இறங்கியபோது அவன் ஓடி வந்தான். "ஏல, சத்தம் எறங்குச்சே. மறுபடியும் இருமுச்சா?"

"ஆமா" என்றேன்.

"அன்னைக்கே நான் பாத்துருக்கணும். நீ பயந்து கால எடுக்குற ஆளு கெடையாதுன்னு எனக்குத் தெரியும்லா. அண்ணன்கிட்ட அப்பவே சொல்லிருக்கணும், தப்பு எம்மேலதான்."

சொல்லிக்கொண்டே கார் தரையில் இருந்த மூடியைக் கழற்றி, பம்பைத் தூக்கி, டேங்குக்குள் எட்டிப் பார்த்தான். பெட்டியைக் கண்டதும் நிமிர்ந்தான். என்ன என்று கேட்டான். சொன்னேன். கதவுகள் எப்படி வேலை செய்யும் என்பதையும் சொன்னேன். ஒரு கதவை விரலால் தள்ளிப் பார்த்தான்.

"இவ்ளோ செஞ்சிருக்கியே. அப்புறம் ஏம்ல இருமுது?"

சந்தேகத்தில் கேட்கவில்லை. எனக்குப் பதில் தெரிந்திருக்கும் என்று நம்பித்தான் கேட்டான். எனக்குத் தெரிந்துதான் இருந்தது.