அப்பன் வழி வந்த வெள்ளைக் கோடு

மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் மொட்டைப் பிரிக்கிறார். நாளை மலர வேண்டிய புகையிலை மொட்டு அது. இதழை இடுக்கியின் நுனியால் கீறி, உள்ளே இருக்கும் ஐந்து மகரந்தப் பைகளையும் ஒன்று விடாமல் கிள்ளி எடுத்த பிறகே மூச்சு வெளியே வருகிறது. வேறொரு செடியின் மகரந்தத்தைச் சூல்முடியில் தொட்டு வைத்து, பூவின் தலையில் காகித உறையை மாட்டுகிறார். "முக்காடு போட்டாச்சு. இனி ஒரு பூச்சி எட்டிப் பாக்கட்டும், பாத்துக்கிறேன்."

அந்த உறையால்தான் ஆராய்ச்சி நிலையத்தில் எல்லாருக்கும் அவர் 'கவர் அக்கா'. மலைக் குளிருக்கு ஹீட்டர் வைத்த கண்ணாடி வீட்டில் இருபத்தாறு வருஷமாகச் செடிகளுக்குக் கலப்பு செய்கிறார். பச்சை நிறத்தில் துணி வாங்கவே மாட்டார். "நாள் பூரா அதைத்தான பாக்குறேன், கண்ணுக்கு லீவு வேணாமா?" தெருவில் யார் காலில் முள் குத்தினாலும், விரலில் சிலாம்பு ஏறினாலும் அவர் வீட்டு வாசலில்தான் வந்து நிற்பார்கள். முள் ஏறியவர் வாயைத் திறப்பதற்குள் அது இவர் உள்ளங்கையில் இருக்கும்.

படிப்பு பத்தாவதோடு நின்றுவிட்டது. ஆனால் பசுங்கணிகத்தைப் பற்றி அவர் சொல்லிக் கேட்க வேண்டும். இலைக்குப் பச்சை கொடுத்து, வெயிலில் செடிக்கு உணவு சமைக்கும் பொடிப்பொடியான உறுப்புகள் அவை. தமக்கென்று கொஞ்சம் மரபணுக்களைத் தனியாக வைத்திருக்கின்றன. புகையிலையில் அவை தாய்ச்செடி வழியாகத்தான் பிள்ளைக்கு வரும். தகப்பன் பங்கு, மகரந்தம் உருவாகும்போதே கழிந்துவிடும். அக்கா இதை ஒரே வரியில் முடித்துவிடுவார்: "பூ நிறத்துல ரெண்டு பேருக்கும் பங்கு உண்டு. இலைப் பச்சை மட்டும் அம்மா வீட்டுச் சொத்து." மகளைப் பள்ளியில் சேர்க்கும்போது, தகப்பன் பெயர் கேட்ட கட்டத்தில் தன் பெயரை எழுதிவிட்டு வந்தவர் அவர். கணவர் தையற்காரர். அந்தப் பள்ளிக்கூடக் கதையைச் சொல்லி இன்றைக்கும் வாடிக்கையாளர்களைச் சிரிக்க வைக்கிறார்.

போன வருஷம் அந்தச் சொத்துக் கணக்கில்தான் வில்லங்கம் வந்தது. தாய், முழுப் பச்சை இலையும் வெள்ளைப் பூவும் உள்ள செடி. தகப்பன், இலையில் வெள்ளைத் திட்டும் கருஞ்சிவப்புப் பூவும் உள்ளது. பிள்ளைகள் அத்தனையும் பச்சையாக முளைக்க வேண்டும். நாலாயிரம் நாற்றில் மூன்றின் இலையில் மட்டும் வெள்ளைக் கோடு ஓடியது.

ஆராய்ச்சியை நடத்தும் டாக்டரம்மா நாற்றுத் தட்டைப் பார்த்ததும் முகம் சுளித்தார். "அக்கா, திட்டு இலைச் செடியோட விதை மூணு இதுல கலந்திருக்கு. தட்டைத் தூக்கிப் போட்டுட்டு, கலப்படம்னு பதிவேட்டுல எழுதிடலாம்."

அக்காவுக்குச் சுருக்கென்றது. "என் தட்டுல வேற விதை விழுந்ததே இல்லம்மா."

"இத்தனை வருஷத்துல ஒரு தடவை விழக்கூடாதா?"

"விழலாம். ஆனா விழல. இந்த மூணையும் பூக்க விடுங்க. திட்டுச் செடியோட சொந்த விதைன்னா பூ கருஞ்சிவப்பா வரும். நான் செஞ்ச கலப்புன்னா ரெண்டும் சேந்து இளஞ்சிவப்பு. கருஞ்சிவப்பா பூத்துச்சுன்னா இடுக்கியை உங்க கையில குடுத்துட்டுப் போயிடுறேன்."

டாக்டரம்மா எதுவும் எழுதாமல் பதிவேட்டை மூடி வைத்தார்.

பூக்க இரண்டரை மாதம் ஆனது. அக்கா பாதி உடம்பாகிவிட்டார். "மூணு செடிக்காகவா சாப்பாடு இறங்க மாட்டேங்குது?" என்று கணவர் அதட்டினார். "மூணு செடி இல்லங்க. இருபத்தஞ்சு வருஷம்" என்றார் அக்கா. கணவர் அக்காவின் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தார்.

முதல் மொட்டு ஒரு திங்கட்கிழமை காலையில் அவிழ்ந்தது. இளஞ்சிவப்பு. வியாழனுக்குள் மற்ற இரண்டும் அப்படியே. மரபணுச் சோதனையும் அதையே சொன்னது: பூவில் இருவர் பங்கும் இருந்தது, வெள்ளைக் கோடு தகப்பனுடையது. டாக்டரம்மா கண்ணாடி வீட்டுக்கே நடந்து வந்தார். "அக்கா, நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. ஆனா அப்பனோட பசுங்கணிகம் எப்படி உள்ள நுழைஞ்சுது? அதுதான் புரியல."

அக்கா அந்தக் கலப்புப் பூக்களில் கட்டியிருந்த அட்டைகளை எடுத்துப் பின்பக்கம் திருப்பிக் காட்டினார். கலப்பு செய்த நாளில் கண்ணாடி வீடு எப்படி இருந்தது என்று பென்சிலால் எழுதி வைப்பது அவர் வழக்கம். எழுதச் சொன்னவர் எவருமில்லை. எல்லா அட்டையிலும் 'ஹீட்டர் ரிப்பேர், கை விறைக்குது' என்றிருந்தது. "அப்பன் செடி மொட்டு விட்ட பத்து நாளும் இந்தக் குளிருதாம்மா. அப்பன் பங்கைக் கழிச்சு விடுற காவல் குளிருல அசந்துடுச்சோ என்னவோ."

அப்பன் செடியை வேண்டுமென்றே குளிர வைத்துத் திரும்பச் செய்து பார்த்தார்கள். இம்முறை நாலாயிரத்தில் முப்பத்தொன்றில் வெள்ளைக் கோடு.

ஆராய்ச்சி நிலையத்தின் ஆண்டுக் கூட்டத்தில் டாக்டரம்மா அந்த நாற்றுகளின் படத்தைத் திரையில் காட்டினார். அதைப் பற்றிய கட்டுரையை எழுதியவர்கள் பட்டியலில் இரண்டாவது பெயரை வாசித்து, "குளிர்தான் காரணம்னு முதல்ல சொன்னவங்க இவங்க. அக்கா, கொஞ்சம் எழுந்திரிங்க" என்றார். அரங்கம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. அக்கா அவசரப்படவில்லை. வெள்ளை மேலங்கியின் பொத்தான்களைக் கீழிருந்து ஒவ்வொன்றாக, கழுத்துவரை போட்டுக்கொண்டு எழுந்து நின்றார்.