உரிமத்தில் ஒரு வரி

துறைமுகத்தடித் தேநீர்க்கடையில் நான் கண்ட அந்த இளைஞர், எதற்கும் பதில் சொல்லுமுன் சட்டை நுனியால் மூக்குக்கண்ணாடியைத் துடைப்பார். கடலில் தொலைந்த படகுகளைத் தேட மென்பொருள் எழுதி, எவரும் எடுக்கலாமென்று இலவசமாய் விட்டவர். அதை வைத்தே ஏதோவொரு நாடு அகதிப் படகுகளைப் பிடித்துத் திருப்பியது. ‘ஆட்களைத் துரத்தப் பாவிக்கக்கூடாது’ என்று மென்பொருளின் உரிமத்தில் அவர் ஒரு வரி சேர்த்தார். நிபந்தனை போட்டால் அது திறந்த மென்பொருளே இல்லையென்று, அவரோடு சேர்ந்து அதை எழுதியவர்கள் கொதித்து, பழைய பிரதியோடு பிரிந்துபோனார்கள்.

“அவையள் சொல்றதும் நியாயம்தானே, தம்பி? இண்டைக்கு நீங்கள் தடுத்தால், நாளைக்கு ஆரும் எதையும் தடுக்கலாம்,” என்றேன்.

கண்ணாடியைத் துடைத்தார்.

“ஓம் அண்ணை, நியாயம்தான். திருப்பின படகில என்ர அக்காவும் இருந்தவ. இப்ப கப்பல்துறை எண்ட ஊரில இருக்கிறா. நீங்களே வந்து அவவுக்கு விளங்கப்படுத்துங்கோவன்.”

நான் போகவில்லை. அவளுக்கென்று தேடும் வார்த்தைகளெல்லாம் இன்றும் எனக்குச் சரியாகவே வருகின்றன. அவள் முகத்துக்கு நேரே ஒன்றையும் சொல்ல ஏலாது.