கீயில் போட்டிருந்த விடை

எங்கள் ஊரில் சண்டை போடும்போதும் 'ங்க' போட்டுத்தான் பேசுவோம். வெளியூர்க்காரர்கள் இதைப் பெருமையாகச் சொல்வார்கள். எனக்கு அதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வருகிறது.

கணபதியில் ஒரு பம்ப் பட்டறையில் பேக்கிங் வேலை பார்த்தவள் நான். அரசு வேலைக்கான தேர்வு எழுத அதை விட்டேன். "இந்த ஒருக்கா எழுதிப் பாரு புள்ள. வரலீன்னா பட்டறைக்கே போயிரு" என்றார் லேத் ஓட்டும் என் கணவர். அந்த ஒரு வாய்ப்பை நம்பி ஐந்து மாதம் பீளமேட்டில் ஒரு பயிற்சி மையத்துக்கு பஸ் ஏறினேன்.

தேர்வில் பாதிக் கேள்விகள் தமிழ். பிரித்து எழுதுக, பிழை நீக்குக, மரபுத்தொடருக்குப் பொருள் தேர்க. நாமெல்லாம் நாள் முழுக்கப் பேசுவதைப் பிடித்து நான்கு விடைகளுக்குள் அடைத்து, மூன்றைப் பொய்யாக்கி வைத்திருப்பார்கள். பார்த்தாலே எரிச்சல் வரும். ஆனால் அந்தப் பகுதியில்தான் நான் நிறைய மார்க் வாங்கினேன்.

ஒருநாள் மாதிரித் தேர்வில் 'ஆறப்போடுதல்' வந்தது. 'தள்ளிப்போடுதல்' என்று குறித்தேன். மையத்தின் கையேட்டில், விடைகளைப் பட்டியலிட்ட கடைசிப் பக்கக் கீயில், 'அடியோடு கைவிடுதல்' என்று இருந்தது. நான் எழுந்தேன்.

"சார், ஆறப்போடறதுன்னா அப்பறமா பாத்துக்கலாம்னு உடறதுதானுங்களே? எங்கூட்டுல தெனமும் சொல்லுவமுங்க."

சார் சிரித்தார். "அம்மணி, நான் பன்னெண்டு வருசமா கிளாஸ் எடுக்கறனுங்க. கீயில என்ன இருக்குதோ அதையே குறிச்சுப்போடுங்க. எச்சா யோசிச்சா கெட்டுப்போயிருவீங்க."

வகுப்பில் இருந்த நாற்பது பேரும் கீயில் இருந்ததையே குறித்துக்கொண்டார்கள். பக்கத்தில் இருந்த பெண், "சார்கிட்டப் போயி எதுத்துப் பேசறீங்களேக்கா" என்று என் முந்தானையை இழுத்தாள். "சரிங்க சார்" என்று உட்கார்ந்தேன்.

உண்மைத் தேர்வில் அதே கேள்வி. சரியான வட்டத்துக்கு மேல் பேனாவை வைத்துவிட்டேன். சார் பன்னிரண்டு வருடம் பாடம் நடத்துகிறவர், நான் அட்டைப்பெட்டி ஒட்டுகிறவள். பேனாவை நகர்த்தி அவர் சொன்ன வட்டத்தைக் கறுப்பாக்கினேன். கறுத்த வட்டத்தை அழிக்க வழியில்லை.

முடிவு வந்தது. ஒரே ஒரு கேள்வியில் வேலை போனது. அதிகாரபூர்வ விடைக்குறிப்போடு மூன்று முறை ஒத்துப் பார்த்தேன்; அதில் 'தள்ளிப்போடுதல்' என்றுதான் இருந்தது. பீளமேட்டுக்குப் போகும் பஸ்ஸில் வாய்க்குள்ளேயே சாரைத் திட்டிப் பார்த்துக்கொண்டேன். அவ்வளவு ஆத்திரம்.

"வாங்க அம்மணி, உக்காருங்க. காப்பி சாப்பிடறீங்களா?" என்றார் சார். நடந்ததைச் சொன்னேன். அலமாரியிலிருந்து புதிய கையேட்டை எடுத்து விரித்தார்.

"நீங்க சொன்னது சரிதானுங்க. அன்னிக்கு ஊட்டுக்குப் போயி அகராதியப் பாத்தேன். அடுத்த பேட்சு புத்தகத்துல மாத்திப்போட்டனுங்க."

அந்தப் பக்கத்தில் 'தள்ளிப்போடுதல்' என்று அச்சாகியிருந்தது. அடுத்த பேட்சும் நான் எழுதிய அதே தேர்வைத்தான் எழுதியது.

"ஏனுங்க சார், எங்க பேட்சையும் கூப்புட்டுச் சொல்லியிருக்கலாமுங்களே?"

"எப்படீங்க சொல்றது? நாப்பது பேரு முன்னால சொன்னத நானே மாத்திச் சொன்னா, மரியாதையா இருக்குமுங்களா?"

அதில் ஒரு துளி வெட்கம்கூட இல்லை. அவருடைய மரியாதை என் வேலையைத் தின்றுவிட்டது. பஸ்ஸில் சேர்த்து வைத்த வசவுக்குப் பதிலாக "சரிங்க சார்" என்றுதான் வாயில் வந்தது. காப்பி வந்தது. குடித்தேன். டம்ளரைக் கழுவியும் வைத்துவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை பட்டறையில் பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தபோதுதான், அந்தக் காப்பியை அவர் மூஞ்சியில் ஊற்றியிருக்க வேண்டும் என்று தோன்றியது. ஊற்றாமல் வந்ததற்கு என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.