வாகரை பஸ்ஸில் ஒரு சிரிப்பு முகம்

"...அதுக்குத்தான் அக்கா, குரூப்புல ஆரைப் பகிடி பண்ணினாலும் நானும் ஒரு சிரிப்பு முகத்தைத் தட்டி விட்டிருவன். சிரிக்காட்டித் திரும்ப என்னைப் புடிச்சிருவானுகள்," என்றாள், வாகரை பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்த, கம்பஸில் பட்டப்படிப்புப் படிக்கும் பிள்ளை.

இறுக்கிப் பின்னிய சடை, மடியில் தாய் கட்டிக் கொடுத்த கருவாட்டுப் பொதி. முதல் வருடத்தில், இப்படி ஒரு பொதியோடு வந்து இறங்கிய அவளுடைய படத்தை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு, 'கருவாட்டு ராணி' என்று சீனியர்கள் ஒரு மாதம் சிரித்தார்களாம்.

அப்போது அவளுடைய போன் சிணுங்கியது. அதே குரூப்தான். புதிதாகச் சேர்ந்த ஒரு பிள்ளை, தகப்பனோடு வலை இழுக்கும் படம். கீழே வரிசையாகச் சிரிப்புகள். இவளுடைய பெருவிரலும் போய், பாதியில் நின்றது.

"என்ன புள்ள, சிரிப்பு வரல்லையா?" என்றேன்.

"பாவம் அக்கா இந்தப் புள்ள. ஆனா நான் வாயைத் திறந்தா நாளைக்கு நான்தான் பகிடி."

"அப்ப சும்மா இரிங்க."

"சும்மா இரிக்கவும் ஏலாம இரிக்கே!"

போனை வாயருகே பிடித்து, பஸ்ஸே திரும்பிப் பார்க்க, குரூப்புக்கே குரல் பதிவு செய்தாள்: "தங்கச்சி, மீன் நல்லாப் பட்டிரிக்கு. எனக்கும் ரெண்டு கொண்டு வாங்க. சிரிக்கிற ஆக்களுக்கு முள்ளு மட்டும் குடுங்க!"

அனுப்பியதும் கண்களை இறுக மூடிக்கொண்டு, போனை என்னிடம் நீட்டினாள்.

"என்ன சொல்றானுகள் எண்டு நீங்களே பாருங்க அக்கா."